நாஸ் பெட்டியில் மீடியா சர்வர்: படம் தொலைக்காட்சிக்கு வராதபோது பிழையைக் கண்டறியும் முறை

வீட்டு வலைப்பின்னலில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நாஸ் பெட்டியில், அங்குள்ள படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் மீடியா சர்வர் மென்பொருளை நிறுவுவது சிறிது நேர வேலைதான். நிறுவிய பின் தொலைக்காட்சியில் ஒன்றும் தெரியாமல் போவதே பெருந்தொல்லை. அந்த நிலையில் பலர் சர்வரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பிழை பெரும்பாலும் சர்வர் மென்பொருளில் இருப்பதில்லை என்பதால், அந்த உழைப்பு வீணாவதோடு, எந்தப் படத்தை எதுவரை பார்த்தோம் என்ற பதிவும் சில நேரம் அழிந்துபோகிறது.

முதலில் கோளாறு இன்னதென்று வகைப்படுத்திக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் சர்வரின் பெயரே தெரியவில்லை என்றால் அது வலைப்பின்னல் சிக்கல். பெயர் தெரிந்தும் உள்ளே காலியாக இருந்தால் அது அனுமதிச் சிக்கல் அல்லது பட்டியலிடும் சிக்கல். பட்டியல் வந்தும் படம் ஓடவில்லை, அல்லது திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் அது கோப்பு வடிவம், வேகம் ஆகியவற்றைச் சார்ந்தது.

பெயரே தெரியாதபோது, அதே வைஃபையில் உள்ள கைபேசியின் உலாவியில் நாஸின் ஐபி முகவரியையும் அதையடுத்து ஒரு முக்காற்புள்ளியிட்டு போர்ட் எண்ணையும் (அந்தச் சேவைக்கான வாயில் எண்) தட்டச்சு செய்து பாருங்கள். மீடியா சர்வர் மென்பொருள்களில் பிளெக்ஸுக்கு 32400, ஜெல்லிஃபினுக்கு 8096, மினிடிஎல்என்ஏவுக்கு 8200 என்பவை இயல்பான எண்கள். பக்கம் திறக்கவில்லையென்றால், சேவை இயங்குகிறதா என்பதையும் நாஸின் ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மறிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பக்கம் திறந்தும் தொலைக்காட்சியில் பெயர் வரவில்லை என்றால்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது.

டிஎல்என்ஏ என்பது வீட்டுச் சாதனங்கள் படங்களைப் பகிர்ந்துகொள்வதற்கான பொது நெறி. அந்த முறையில் சர்வரும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று கண்டுகொள்வது, 239.255.255.250 என்ற, பல சாதனங்களும் ஒருசேரக் கேட்கும் (மல்டிகாஸ்ட்) முகவரிக்கு யுடிபி 1900 போர்ட்டில் அனுப்பப்படும் அறிவிப்புகளின் மூலம். வீட்டு ரூட்டர்கள் இந்த அறிவிப்பை ஒரு வலைப்பின்னலிலிருந்து மற்றொன்றுக்குப் பொதுவாகக் கடத்துவதில்லை. ஃபைபர் இணைப்புக்காரர் பொருத்திய பெட்டியே ஒரு ரூட்டராக இருக்க, அதன் பின்னால் நாம் வாங்கிய இன்னொரு ரூட்டரையும் மாட்டியிருக்கும் வீடுகள் பல. நாஸ் முதல் பெட்டியிலும் தொலைக்காட்சி இரண்டாவதன் வைஃபையிலும் இருந்தால், ஒன்றின் முகவரி 192.168.1 என்றும் மற்றொன்றின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கும். இரண்டாவது ரூட்டரின் உள்ளிருந்து உலாவியில் நாஸ் பக்கம் ஒழுங்காகத் திறப்பதால், வலைப்பின்னலில் குறையே இல்லை என்று நம்பிவிடுவோம். இரண்டாவது ரூட்டரை, தனி வலைப்பின்னல் அமைக்காமல் வைஃபையை மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவதே இதற்குச் சரியான தீர்வு. தொலைக்காட்சி கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

சர்வரை மறுதொடக்கம் செய்ததும் பெயர் தோன்றி, சில நிமிடங்களில் மறைந்துவிட்டால், இத்தகைய அறிவிப்புகளை யாருக்கு அனுப்புவது என்று வடிகட்டும், ரூட்டரிலோ சுவிட்சிலோ உள்ள ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அமைப்பை நிறுத்திவைத்துச் சோதியுங்கள். சர்வர் டாக்கர் கொள்கலனில் (மென்பொருளைத் தனியே அடைத்து இயக்கும் முறை) இயங்கினால், கொள்கலனுக்குத் தனி வலைப்பின்னல் தரும் பிரிட்ஜ் முறையில் இந்த அறிவிப்புகள் உள்ளே எட்டுவதில்லை. நாஸின் வலைப்பின்னலையே பயன்படுத்தும் ஹோஸ்ட் முறை தேவை. நாஸுக்கு ரூட்டரில் ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிடுவதும் நல்லது.

பெயர் தெரிந்து உள்ளே காலியாக இருக்கும் நிலைகளில், நான் முதலில் சந்தேகிப்பது அனுமதியைத்தான். நீங்கள் நிர்வாகியாக நுழைந்து எல்லாக் கோப்புகளையும் பார்க்க முடிவதால், சர்வரும் அவற்றைப் பார்க்கிறது என்று பொருளில்லை. அது தனக்கென ஒரு பயனர் கணக்கில் இயங்குகிறது. சினாலஜி நிறுவன நாஸ்களின் இயங்குதளமான டிஎஸ்எம் 7இல் பிளெக்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே பகிர்வுக் கோப்புறையின் அனுமதிப் பக்கத்தில், வழக்கமான பயனர் பட்டியலை விட்டுவிட்டு, கணினியின் உள்பயனர்கள் என்ற பட்டியலைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கணக்கு கண்ணில் படும். அதற்குப் படிக்கும் அனுமதி தர வேண்டும். படங்கள் உள்ள கோப்புறைக்கு மட்டும் அனுமதி தந்து மேலடுக்குக் கோப்புறைகளை மறந்தாலும் வழி அடைபட்டுவிடும்.

அனுமதி சரியாக இருந்தும் புதிய படங்கள் மட்டும் வராவிட்டால், கோப்புறை மாற்றங்களைக் கண்காணிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபையின் வரம்பு தீர்ந்திருக்கலாம். பழைய லினக்ஸ் கருக்களில் (கெர்னல்) அது இயல்பாக 8192. ஒவ்வொரு கோப்புறையும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வரம்பை உயர்த்தலாம், அல்லது இரவில் ஒருமுறை எல்லாக் கோப்புறைகளையும் ஸ்கேன் செய்யும்படி நேரம் குறித்துவிடலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸ் கோப்பு முறைகள் பலவற்றில் பெயரின் உச்ச வரம்பு 255 பைட்டுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘கி’ என்ற எழுத்து இரண்டு குறியீடுகளாவதால் 6 பைட்டுகள். ஆகவே 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடுகிறது. சினாலஜியின் மறையாக்கப்பட்ட பகிர்வுக் கோப்புறையில் வரம்பு 143 பைட்டுகள் என்பதால், தமிழில் 47 குறியீடுகளைத் தாண்ட முடியாது. பெயரைச் சுருக்கி, படத்தின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் சர்வரும் படத்தைச் சரியாக இனங்காணும்.

படம் திக்கினால், சர்வரின் நிலைப் பக்கத்தில் நேரடியாக அனுப்புகிறதா, டிரான்ஸ்கோடிங் (ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்றுதல்) செய்கிறதா என்று பாருங்கள். வலுக் குறைந்த ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட பெட்டிகள் பெரும்பாலும் 4கே படத்தை ஓடும்போதே மாற்றித் தர இயலாதவை. அவற்றில் தொலைக்காட்சி நேரடியாக ஏற்கும் வடிவில் கோப்பை வைத்திருப்பதே வழி. படம் ஓடி ஒலி மட்டும் இல்லையென்றால் டிடிஎஸ் என்ற வடிவில் உள்ள ஒலித்தடமாக இருக்கலாம். சாம்சங் தொலைக்காட்சிகள் 2018 முதல் அதை ஏற்பதில்லை. இன்னொரு விந்தை, பல தொலைக்காட்சிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வேகத்தோடு நின்றுவிடுகிறது. கனமான 4கே கோப்புகளுக்கு அங்கே கம்பியைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக ஓடுவதுண்டு.

தமிழ் சப்டைட்டில் பிழையாகத் தெரிந்தால், தெரியும் குறியே காரணத்தைச் சொல்லும். கட்டங்கள் தெரிந்தால் தொலைக்காட்சியில் தமிழ் எழுத்துரு இல்லை. சப்டைட்டிலைப் படத்தோடு பதித்து அனுப்பும்படி சர்வரில் அமைக்கலாம், ஆனால் அதற்கு டிரான்ஸ்கோடிங் வலு வேண்டும். பொருளற்ற லத்தீன் எழுத்துகள் தெரிந்தால் குறியாக்கம் தவறாகப் படிக்கப்படுகிறது. கோப்பை யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் போதும். கோப்பையே திறந்து பார்க்கும்போதும் வெறும் கேள்விக்குறிகள்தான் இருக்கின்றன என்றால், தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி குறியாக்கத்தில் யாரோ சேமித்தபோதே தமிழ் எழுத்துகள் அழிந்துவிட்டன. வேறு பிரதியைத்தான் தேட வேண்டும்.