மட்டக்களப்பில் முதல் ஸ்போர்ட்ஸ் கார்: தேடுவது, சோதிப்பது, வைத்திருப்பது

வேகமான கார் வாங்க ஆசைப்படும் தம்பிமார் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எத்தனை குதிரைவலு?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் முதலில் பார்க்க வேண்டியது காரின் உடம்பையும் பத்திரத்தையும்தான். தேய்ந்த எஞ்சினைக் காசிருந்தால் திரும்பக் கட்டலாம். உள்ளுக்குள் உக்கிப்போன சேஸியையும் சிக்கல் பிடித்த சிஆர் புத்தகத்தையும் (வாகனப் பதிவுப் புத்தகம்) எந்தக் கராஜிலும் சரிசெய்து எடுக்க முடியாது.

இது முதல் தடவை வாங்குபவர்களுக்காக எழுதியது. ஒழுங்கு முக்கியம் என்பதால் படிகளை மாற்றாமல் போங்கள்.

படி 1: எந்தக் கார் என்று முடிவெடுப்பது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்போது ஜப்பானிலிருந்து பாவித்த கார் கொண்டுவருவதென்றால் அது 3 வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எனவே சிவிக் ஈகே, கிளான்சா, லெவின், பழைய டபிள்யூஆர்எக்ஸ் மாதிரிக் கார்கள் இனிப் புதிதாக நாட்டுக்குள் வரப்போவதில்லை. இங்கே ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவைதான் மிச்சம். அதனால்தான் அவற்றின் விலை இறங்குவதே இல்லை.

புதுக் கார் எடுக்கக்கூடிய வசதி இருந்தால் வரி முறையை விளங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பெற்றோல் காரின் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் ஏறுகிறது. 1000 சிசிக்குட்பட்ட டர்போ சிவிக் இங்கே இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் அதுதான். இறக்குமதி செய்பவரிடம் ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரம் என்ற இடத்தில் 'ஆர்' என்று இருந்தால் விபத்துப்பட்டுத் திருத்தியது என்று அர்த்தம். அவர் தருகிற பிரதியோடு நிற்காமல், சேஸி இலக்கத்தைக் கொடுத்து வேறொரு வழியிலும் சரிபாருங்கள்.

பாவித்த காரில் ஆரம்பிப்பவர்களுக்கு என் தெரிவு சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட், குறிப்பாக ஸெட்சி31எஸ் என்ற மொடல். டர்போ இல்லாத 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின், 125 பிஎஸ் (குதிரைவலு), டைமிங் செயின். சாதாரண சுவிஃப்ட்டோடு பல பார்ட்ஸ் ஒத்துப்போகும், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கிற மெக்கானிக்குக்கும் கை பழகியது. அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் அல்ட்டோ வேர்க்ஸ்: 64 பிஎஸ் என்பது தாளில் சிறியது, ஆனால் கார் 670 கிலோதான். பாரம் குறைந்த காருக்குப் பிரேக், ரயர், பெற்றோல் எல்லாமே குறைவாகத்தான் செலவாகும்.

டொயோட்டா கிளான்சா, 1331 சிசியிலிருந்து 135 பிஎஸ் எடுக்கிற அருமையான டர்போ. ஆனால் முன்பு வைத்திருந்தவர்கள் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றாமல் விட்ட ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மஸ்டா ஆர்எக்ஸ்-8 இரண்டும் முதல் காருக்கு வேண்டாம். ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சினில் கொம்பிரஷன் (எஞ்சினுக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கவே தனிக் கருவி வேண்டும்.

எதை எடுத்தாலும் கை படாத காரைத் தேடுங்கள். அகல ரயர், கட் பண்ணிய ஸ்பிரிங், பெரிய சைலன்சர் போட்ட காருக்கு விற்பவர் கூடுதல் விலை சொல்வார். நான் அதற்கு விலையைக் குறைத்தே கேட்பேன், ஏனென்றால் அவற்றைக் கழற்றிப் பழையபடி ஆக்கும் செலவு வாங்குபவர் தலையில்தான்.

படி 2: காரைப் பார்க்க முன் பத்திரம்

இக்மன் மாதிரித் தளத்தில் விளம்பரம் பார்த்தவுடன் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், போன பிறகு பத்திரம் பிழை என்று தெரிவது வீண் அலைச்சல். வாகன இலக்கத்தைக் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் அந்த இலக்கத்தைப் போட்டால் எஞ்சின் இலக்கம், உற்பத்தி வருடம், காரின் மேல் லீசிங் இருக்கிறதா போன்ற விபரங்கள் வரும். இலக்கத்தைத் தர மறுப்பவரோடு மேலே பேச வேண்டிய தேவை இல்லை.

பிறகு சிஆர் புத்தகத்தின் படம். லீசிங் கம்பெனியின் பெயர் அதில் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். நிறம் மாற்றிய காரென்றால் புது நிறம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

பேர்ஃபோமன்ஸ் கார்களில் அடிக்கடி வரும் சிக்கல் எஞ்சின் மாற்றம். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டிய கார்) இருந்து எடுத்துப் போட்ட எஞ்சின் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதன் இலக்கம் சிஆரில் பதியப்படாவிட்டால் பெயர் மாற்றும்போதும் காப்புறுதி கோரும்போதும் மாட்டுவது நீங்கள்தான். "அது சின்ன விஷயம், பிறகு செய்யலாம்" என்று சொன்னால், "அப்ப நீங்களே செய்து தாங்கோ, பிறகு வாறன்" என்று சொல்லுங்கள்.

படி 3: உடம்பைச் சோதிப்பது

இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சம் வேண்டும், கார் காய்ந்திருக்க வேண்டும். கழுவி ஈரத்தோடு நிற்கிற காரில் பெயின்ட் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் வெள்ளத்தில் நின்ற காரா என்று பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்பைச் சுற்றிப் பல வாகனங்கள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பெரும்பகுதியில் அதையே செய்தது. அப்படி நின்ற காரை வெளியே மினுக்கி விற்பது லேசு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்: வழக்கமாக வெளியே வராத கடைசி முழத்தில் சேற்று நிறக் கோடு இருந்தால் தண்ணி அந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து, டிரைவர் பக்கக் கதவோரம் கார்ப்பட்டின் விளிம்பைத் தூக்கி, கீழே இருக்கிற பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரமா, மண் மணக்கிறதா, விரலில் மணல் ஒட்டுகிறதா? சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளையும் டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ஸ்குருக்களையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கிற ஆணி போலச் சுத்தமாக இருக்க வேண்டிய இடம் அது. அங்கே கறள் இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்புக் கறள். நாவலடி, காத்தான்குடி, கல்முனைக் கரையோரத்தில் வருடக்கணக்கில் நின்ற கார்களில் இது உள்ளிருந்து தின்னும். ஸ்பெயார் வீலைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் உயர்த்தச் சொல்லி, ஜக் வைக்கிற விளிம்பு, பின் வீல் வளைவின் உட்பக்கம், சஸ்பென்ஷன் பிடித்திருக்கிற இடங்கள் எல்லாவற்றையும் ஸ்குரு டிரைவரின் பின்பக்கத்தால் தட்டுங்கள். உறுதியான தகடு கணீரென்று கேட்கும். உக்கியதும் பட்டி பூசியதும் மந்தமாகக் கேட்கும். அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் அடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை, கறளை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

விபத்தைப் பார்க்க பொனட், மட்கார்ட் போல்ட்டுகள் போதும். ஸ்பனர் பட்டு அவற்றின் பெயின்ட் உடைந்திருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ஒரு மட்கார்ட் மாற்றியது பெரிய விஷயமல்ல. முன் ஷொக் அப்சோர்பர் மேலே வந்து இருக்கிற கோபுரத்தில் வெல்டிங் இருந்தால் எடுக்கவே வேண்டாம். சேஸி இலக்கத்தை உங்கள் கண்ணால் வாசியுங்கள். எழுத்துகள் கோணலாகவோ, அந்தத் தகட்டைச் சுற்றி வெல்டிங் தடமோ இருந்தால் அது வெட்டி ஒட்டிய கார்.

படி 4: எஞ்சின்

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.

சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்டார்ட்டானதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள். புகையைக் கவனியுங்கள்: நீலம் என்றால் ஒயில் எரிகிறது, நிற்காமல் வரும் தடித்த வெள்ளை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது, கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. டர்போ காரைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு ஒருதரம் அக்சிலரேட்டரை மிதியுங்கள். அப்போது மட்டும் நீலப்புகை வந்தால் டர்போவின் சீலில் சந்தேகம்.

கொம்பிரஷன் சோதனை கட்டாயம். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து வீதத்துக்கு மேல் இறங்கினால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். விரும்பாத விற்பனையாளரிடம் அதற்கான கூலியை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையானவர் சம்மதிப்பார்.

படி 5: ஓடிப் பார்ப்பது

கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரையான நெரிசலில் எதுவும் தெரியாது. செங்கலடியிலிருந்து கரடியனாறு பக்கம் போகும் பதுளை வீதி நல்லது. அம்பாறைக்காரருக்கு உகனைப் பக்கம். ஊருக்கு வெளியே காருக்கான வேக எல்லை 70, அதற்குள்ளேயே தேவையான எல்லாம் தெரிந்துவிடும். மூன்றாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஹொண்டா பி16ஏ எஞ்சினென்றால் சூடேறிய பின் இரண்டாம் கியரில் 5,600 ஆர்பிஎம்மைத் தாண்ட விடுங்கள். சத்தம் சட்டென்று மாறி இழுவை கூட வேண்டும். மாறாவிட்டால் முதலில் ஒயில் மட்டத்தையும் அழுத்தத்தையும் பாருங்கள், விடெக் (வேகம் கூடும்போது வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹொண்டா அமைப்பு) வேலை செய்வது ஒயில் அழுத்தத்தால்தான்.

படி 6: காசும் பெயர் மாற்றமும்

கையில் உள்ள எல்லாக் காசையும் காருக்குக் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள். ரயர், பிரேக், ஒயில், பெல்ட், கூலன்ட் ஹோஸ் என்று முதல் மாதமே கேட்கும்.

"ஓபன் பேப்பர்" கதைக்கு இடம் கொடுக்க வேண்டாம். விற்பவரின் கையொப்பத்தோடு வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. அந்த மனிதர் வெளிநாடு போனாலோ இறந்துபோனாலோ உங்கள் கார் உங்கள் கார் அல்ல. பெயர் மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை அன்றே நிரப்பி, 14 நாளுக்குள் பெயரை மாற்றுங்கள். காப்புறுதி ஃபுல்லாக எடுங்கள். காரில் உள்ள ஒவ்வொரு மாற்றத்தையும் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

படி 7: வைத்திருப்பது

பெற்றோல்: ஜப்பானில் இந்த மாதிரிக் கார்களுக்கு ஊற்றுவது 100 ஒக்டேனுக்குக் கிட்டிய பெற்றோல். இங்கே பெரும்பாலும் கிடைப்பது 92, 95 இரண்டும்தான். எப்போதும் 95 ஊற்றுங்கள். ஒக்டேன் குறையும்போது பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தாக்கும், அதைத்தான் நொக்கிங் என்கிறோம். ஜப்பானில் ஒருவர் ஏற்றிய பூஸ்ட் அளவை இணையத்தில் பார்த்து இங்கே அப்படியே ஏற்றுவது அதனால்தான் ஆபத்து. எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. மகாஓயாப் பக்கம் போக முன் டவுனில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருதரம். டர்போ காரை வேகமாக ஓடிவந்து உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

மழைக்காலம்: நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை நம் வீதிகளில் தண்ணி நிற்கும். கோல்ட் எயார் இன்டேக் போட்ட காரில் காற்று இழுக்கும் வாய் பம்பருக்குக் கீழே இருக்கும். அது தண்ணியை இழுத்தால், தண்ணி அமுங்காது என்பதால் கனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சின் முடிந்துவிடும். பழைய எயார் பொக்ஸை வீசாமல் வைத்திருந்து ஒக்டோபரிலேயே திரும்பப் பூட்டுங்கள். தண்ணிக்குள் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம், தள்ளி வெளியே எடுங்கள்.

உப்புக் காற்றுக்கு, காரின் அடியை நல்ல தண்ணியால் கழுவ வேண்டும். கடற்கரையோரக் கிணறு பல இடங்களில் உவர். அந்தத் தண்ணியில் கழுவினால் கறளுக்கு நீங்களே சாப்பாடு போடுகிறீர்கள்.

வீதி: பெரும்போக அறுவடை நேரம் வீதியோரமெல்லாம் நெல் காயும், லேண்ட் மாஸ்டர் லைட் இல்லாமல் வரும். இரவில் மாடு படுத்திருக்கும். புணானை, வெலிக்கந்தைப் பக்கமும் மகாஓயாப் பக்கமும் யானை கடக்கும். இந்த வீதிகளில் வேகம் காட்டுவது அடுத்தவன் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. காரின் முழுத் திறமையையும் பார்க்க ஆசையென்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் ஓடுபாதை இருக்கிறது. போட்டி நாட்களில் போய் ஓட்டக்காரர்களோடு பேசுங்கள், காரை எப்படித் தயார்படுத்துகிறார்கள் என்று பார்க்கலாம். அதிரவைக்கும் சைலன்சர் வீதிக்கு வேண்டாம். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பொலிஸார் மாற்றியமைத்த வாகனங்களைக் கூடுதலாக மறிக்கத் தொடங்கினார்கள்.

ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம் செய்தது. ரயரில் பூ தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய ரயரை இந்த வெயிலில் நம்பாதீர்கள்.

பார்ட்ஸுக்குப் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகள்தான். கடைக்கு போனில் கார் பெயரை மட்டும் சொன்னால் வேறு மொடலுக்கானது பஸ்ஸில் வந்து இறங்கும். சேஸி இலக்கத்தையும், கழற்றிய பழைய துண்டின் மேலுள்ள இலக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அவர்கள் வைத்திருக்கும் பார்ட்டின் படத்தைக் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகு காசைப் போடுங்கள்.