ரேட்டிங் குறைந்தவரோடு ஆடிய ஆட்டத்தை அலசும்போது

சதுரங்கத்தில் தன்னைவிட ரேட்டிங்கில் 200 புள்ளி கீழே இருப்பவரிடம் டிரா செய்துவிட்டு வெளியே வருபவர்கள் அடிக்கடி சொல்வது: "அவன் ஒண்ணும் ஆடலை, நான்தான் கெடுத்துட்டேன்." அலசல் இங்கேயே கோணலாகிவிடுகிறது. 200 புள்ளி வித்தியாசத்தில் மேலே இருப்பவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்பதுதான் ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கு. மீதி 24 எதிராளி சம்பாதிப்பது. 2023 கத்தார் மாஸ்டர்ஸில் 2839 ரேட்டிங்கில் இருந்த முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சனை, 2611இல் இருந்த தஞ்சாவூர்க்காரர் கார்த்திகேயன் முரளி கறுப்புக் காய்களோடு வென்றார்.

எதிராளியின் ரேட்டிங் எண்ணே பழையதாகவும் இருக்கலாம். வேகமாக வளரும் பிள்ளைகளின் ரேட்டிங் அவர்கள் ஆட்டத்துக்குப் பின்னால்தான் வரும். 2024 மார்ச்சில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையில் உயர்த்தியது. 1500 இருந்தவர் 1700 ஆனார்.

அடுத்த தவறு, உடனே எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலைத் திறப்பது. 31ஆவது நகர்த்தலில் கோட்டை விட்டீர்கள் என்று அது காட்டும். ஏன் அந்த நிலைக்கு வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதலில் நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர்ஷீட்டை வைத்துக்கொண்டு, எங்கே என்ன நினைத்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதுங்கள். திருப்பம் வந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி: எனக்குச் சமமான ஒருவர் எதிரே இருந்திருந்தால் இதையே ஆடியிருப்பேனா? சமநிலையில் டிராவாகிவிடுமே என்று கோட்டை கட்டிய ராஜாவுக்கு முன்னால் சிப்பாயைத் தள்ளியது, ஒரே நிலை மூன்று முறை வந்து டிராவாவதைத் தவிர்க்க மட்டமான கட்டத்துக்குக் குதிரையைக் கொண்டுபோனது எல்லாம் இந்தக் கேள்வியில்தான் பிடிபடும்.

இதில் என்னைப் பொறுத்தவரை மிகவும் விலை கொடுக்க வைப்பது ராணி மாற்றத்தை (இருவரும் ராணியை வெட்டிக்கொள்வதை) மறுப்பது. காய்கள் குறைந்தால் டிராதான் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் யானை எண்ட்கேம் (ராஜா, சிப்பாய்களோடு யானைகள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) மாதிரியான இடங்களில்தான் அனுபவம் குறைந்தவர் அதிகம் தடுமாறுவார்.

அப்புறம், கைகொடுத்த கையோடு எழுந்து போய்விடாதீர்கள். எதிராளிக்கும் நேரமிருந்தால் ஹாலுக்கு வெளியே பத்து நிமிஷம் அவரோடு உட்காருங்கள். எந்த நகர்த்தலுக்குப் பயந்தார் என்று கேளுங்கள். நீங்கள் பார்க்காமலே விட்ட ஒன்றை அவர் சொல்லக்கூடும்.

ஜெயித்த ஆட்டத்துக்கும் இதெல்லாம் பொருந்தும். அவர் தவறவிட்ட பதிலடியைத் தேடிக் குறித்து வையுங்கள். அடுத்த சுற்றில் வருபவர் அதைப் பார்த்துவிடலாம்.