பழைய கம்ப்யூட்டரிலும் டெர்மினல் திறக்கலாம்

வேலூர் மெயின் பஜார் கடையிலோ ராணிப்பேட்டை தோல் கம்பெனியிலோ கணக்கு இன்னும் யூனிக்ஸ் சர்வரில்தான் ஓடுகிறதா? ஓரத்தில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். சர்வரின் எழுத்துத் திரையை, அதாவது டெர்மினலை, அதில் திறக்க புட்டி (PuTTY) என்ற இலவச மென்பொருளின் 32 பிட் பதிப்பு போதும். பென் டிரைவிலிருந்தே ஓடும். சர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். சர்வரோடு இணையும் முறை டெல்நெட் என்றால் போர்ட் (இணைப்பு வாசல்) எண் 23, தகவலை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் என்றால் 22. சரி, திரை வந்துவிடும்.

சிக்கல் அப்புறம்தான். கட்டக் கோடுகள் கன்னாபின்னா எழுத்தாகத் தெரிந்தால் புட்டி செட்டிங்கில் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் சிபி437 என்ற எழுத்துத் தொகுப்பை வையுங்கள். பேக்ஸ்பேஸ் அழிக்காவிட்டால் கீபோர்டு பக்கத்தில் கன்ட்ரோல்-ஹெச். எஃப் கீகள் அடம்பிடித்து, சர்வரும் எஸ்சிஓ என்ற வகை யூனிக்ஸாக இருந்தால், அதே பக்கத்தில் எஸ்சிஓவைத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் செஷன் பக்கத்துக்குத் திரும்பிப் பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். இல்லாவிட்டால் மூடியதுமே எல்லாம் போய்விடும்.

டெல்நெட்டில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும். ஆகவே அது ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும். எக்ஸ்பிக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுக்காதீர்கள்.