அடுப்பில் மறந்த அலுமினியப் பாத்திரம்: செய்யக்கூடாதவை

ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள், உள்ளே எதையாவது ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். அசல் ஈயச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அலுமினியத்தையும் ஊர்ப்பக்கம் 'ஈயப் பாத்திரம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அடுப்பில் வைத்துவிட்டால் இரும்பைப் போல நம்பி விட்டுவிட்டுப் போகிறோம். தவறு அங்கேதான் ஆரம்பம்.

இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும். கேஸ் அடுப்பின் நீலத் தீ அதைவிட மிக அதிகச் சூடு. அப்படியானால் தினமும் ஏன் உருகுவதில்லை? தண்ணீர்தான் காரணம். அது கொதித்து ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போய்விடுவதால், பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். குக்கரில் 120 வாக்கில். தண்ணீர் வற்றிய நிமிடமே அந்தக் காவல் போய்விடும்.

"சிவக்கவே இல்லையே, அவ்வளவு சூடா இருக்காது" என்று நினைப்பது பெரிய தப்புக்கணக்கு. 660 டிகிரியில் இரும்பு மங்கலாகவாவது சிவந்து காட்டிக் கொடுக்கும். அலுமினியத்தின் பளபளப்பான மேற்பரப்பு ஒளியைக் குறைவாகவே வீசும். பகல் வெளிச்சத்தில், உருகும் கட்டத்திலும் வெள்ளையாகவே தெரியும். போதாக்குறைக்கு அதன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உண்டு. அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே கூழாகிவிட்ட பிறகும் பாத்திரம் கொஞ்ச நேரம் அதே வடிவத்தில் நிற்பது இந்தத் தோலால்தான்.

ஆகவே பதறிப்போய்த் தூக்காதீர்கள். தூக்கினால் அடி அறுந்து காலில் விழலாம். எவர்சில்வர்தானே என்ற தைரியமும் வேண்டாம். பல எவர்சில்வர் பாத்திரங்களின் தடித்த அடிக்குள் அலுமினியத் தகடு இருக்கிறது. வெறும் பாத்திரமாகக் காய்ந்தால் அது உருகி ஓரமாகச் சொட்டும். அடுப்பை அணைத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை அப்படியே விடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி விரிந்து, உலோகத்தையே வெடித்துச் சிதறடிக்கும். பழைய அலுமினிய டின்களை வீட்டில் உருக்கிப் பார்க்கிறவர்கள் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் இதில்தான்: ஈர அச்சு, ஈரத் தரை, ஈரக் கரண்டி.

சூடு கடத்துவதையும் சூடு தாங்கி நிற்பதையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. எவர்சில்வரைவிட அலுமினியம் சுமார் 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அடியில் பட்ட சூடு விளிம்புக்கும் காதுக்கும் உடனே வந்துவிடும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஆனால் லேசான பாத்திரம் என்பதால் சீக்கிரம் ஆறியும் விடும். கனமான இரும்புக் கல் மாவை ஊற்றிய பிறகும் சூட்டை விடாமல் வைத்திருக்கும். மெல்லிய அலுமினியக் கல் சட்டென்று தணிந்துவிடும். தோசைக்கு என் ஓட்டு இரும்புக்குத்தான்.

இன்னொன்று, உருகவில்லை என்பதால் பாத்திரம் தப்பித்தது என்று அர்த்தமில்லை. 200 டிகிரியைத் தாண்டினாலே அலுமினியத்தின் வலு நன்றாகக் குறைந்துவிடும். காய்ந்துபோன குக்கரின் அடி புடைத்திருந்தாலோ, மூடி பழையபடி உட்காராவிட்டாலோ, கேஸ்கெட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்க வேண்டாம். பழைய ஈயம் பித்தளை எடுக்கிறவரிடம் போட்டுவிடுங்கள்.