பழைய கிட்டாருக்கு எந்த பிக்கப் போடலாம்?

மதுரையில் மெல்லிசைக் குழுக்களில் 22 வருஷமாக கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது 1980-களின் நடுவில் ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். குழுவில் எனக்கு முன்னால் வாசித்த அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. இதில் மூன்று பிக்கப். பிக்கப் என்றால் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும், கிட்டார் கம்பியின் அதிர்வை ஆம்புக்குப் போகும் சிக்னலாக மாற்றுவது அதுதான். பிரிட்ஜ் (கம்பிகள் உட்காரும் கட்டை) பக்கம் ஹம்பக்கர் (இரட்டைக் காயில்), நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுற்று). இதற்கு இரண்டு தடவை பிக்கப் மாற்றியிருக்கிறேன். முதல் தடவை தப்பாகப் போய், இரண்டாவது தடவைதான் சரியாக அமைந்தது.

பிக்கப் மாற்றலாமா என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, "இப்ப வர்ற சத்தத்துல உனக்கு என்ன குறை?" என்பதுதான். "நல்லா இல்லண்ணே" என்பதை வைத்துக்கொண்டு எதையும் வாங்க முடியாது. தடித்த கம்பிகள் கலங்கிக் கேட்கிறதா? மெல்லிய கம்பி ஊசி மாதிரிக் குத்துகிறதா? வாசிக்காமல் நிற்கும்போது இரைச்சல் வருகிறதா? பாட்டில் கிட்டார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வாங்கப் போகும் முன் குறையை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்.

எழுதியான பிறகும் பிக்கப்பைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். புதுக்கம்பி மாட்டுங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், கேபிள் நீளமாக நீளமாக மேல்சத்தம் மங்கும். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் அது கன்ட்ரோலில் (திருகுக்கு அடியில் உள்ள, கூட்டிக் குறைக்கும் மின்தடையில்) சேர்ந்த தூசி. பிறகு மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, கிட்டாரில் செருகிய கேபிளின் மறுமுனையில், நுனியிலும் உடம்பிலும் தொட்டு அளங்கள். வால்யூமும் டோனும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். ஸ்விட்சை ஒவ்வொரு பிக்கப்புக்கும் மாற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கிள் காயில் என்றால் 5.5-லிருந்து 7 வரை, சாதாரண ஹம்பக்கர் என்றால் 7-லிருந்து 9 வரை வரும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம், ஈயப் பற்று விட்டிருக்கலாம். என் நடு பிக்கப் செத்துவிட்டது என்று ஒரு மாசம் கவலைப்பட்டேன். திறந்து பார்த்தால் ஸ்விட்சில் ஒரு ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்பை ஆன் செய்து பென்சிலால் பிக்கப்பை லேசாகத் தட்டியும் பாருங்கள். மைக்கைத் தட்டினது மாதிரி டொக் டொக்கென்று பலமாகக் கேட்டால், சுற்றுகளுக்கு நடுவில் இருந்த மெழுகு போய்விட்டது என்று அர்த்தம். வால்யூம் ஏற்றினால் கீச்சிடும். அதை மறுபடி மெழுகில் முக்கிச் சரிசெய்யலாம். பழைய பிளாஸ்டிக் சூட்டில் வளைந்துவிடும் என்பதால், செய்து பழகினவர் கையில் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை இருந்தால்தான் புது பிக்கப்.

முதல் தடவை நான் எண்ணைப் பார்த்து வாங்கினேன். பெட்டியில் 16 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. பழையது 8, இது 16, அப்படியானால் இரட்டிப்பு பலம் என்று நினைத்தேன். செராமிக் காந்தம் வைத்த பிக்கப் அது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது கும்மென்று இருந்தது. அந்த வாரமே திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாடகி அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, என் குரலே எனக்குக் கேக்கலப்பா" என்றார். வால்யூமைக் குறைத்தேன். உடனே கிட்டார் கீபோர்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஏற்றினால் குரலை அமுக்குகிறது, இறக்கினால் காணாமல் போகிறது. நடுச்சத்தம் அவ்வளவு தடிப்பு, அதற்கு மேலே தெளிவே இல்லை. தனியாக ராக் வாசிக்கிறவருக்கு அதே பிக்கப் அருமையாக இருக்கும். பத்துப் பேர் கொண்ட குழுவில் பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடிக்கிறவனுக்கு அது ஆகாது.

ஓம் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது கம்பியின் தடையை மட்டும்தான் சொல்கிறது. வழக்கமான 42 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43-ஐச் சுற்றினால், சுற்று கூடாமலே ஓம் ஏறும். ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் கிட்டாரில் கழுத்து பிக்கப்பில் இருப்பது அந்த 43 கேஜ்தான். அதனால் அங்கே 7.5 காட்டினாலும் அது முரட்டு பிக்கப் இல்லை. வெயிலும் சேர்ந்துகொள்ளும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டுகிற செம்புக் கம்பி, மே மாசத்து மதுரையில் 38 டிகிரியில் எட்டரையைத் தாண்டிக் காட்டும். ஒரே மாதிரிக் கம்பி, ஒரே மாதிரிக் காந்தம் உள்ள இரண்டு பிக்கப்பை ஒப்பிடத்தான் அந்த எண் உதவும்.

காந்தத்தைப் பற்றி என் காது சொல்வது இது. அல்நிகோ என்பது ஒரு காந்த உலோகக் கலவை, எண் அதன் வகை. அல்நிகோ 2 மெத்தென்று இருக்கும், அடித்த சத்தம் முனை மழுங்கி வரும். அல்நிகோ 5 இன்னும் பளிச்சென்று, கீழ்சத்தம் இறுக்கமாக. செராமிக் இதைவிடக் கூர்மை, பெரும்பாலும் சுற்றும் அதிகமாக வைத்தே செய்வார்கள். பழைய கிட்டாரின் குணத்தை விடாமல் தெளிவு மட்டும் வேண்டுமென்றால் அல்நிகோ 5, 8 கிலோ ஓம் பக்கத்தில் உள்ள ஹம்பக்கரில் தொடங்குங்கள். என் கிட்டாரில் இப்போது இருப்பது அந்த வகைதான்.

அடுத்தது இரைச்சல். கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சீரியல் லைட், டிம்மர், டியூப்லைட் சோக், பக்கத்திலேயே ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் அந்த ரீங்காரத்தை அப்படியே உறிஞ்சி ஸ்பீக்கரில் விடும். கிப்சன் என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததே இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். இரண்டு காயில், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தம். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்துகொள்ளும். சிங்கிள் காயில் அளவிலேயே, ஒன்றின் மேல் ஒன்றாகக் காயில் அடுக்கின பிக்கப்புகளும் கிடைக்கின்றன. அசல் சிங்கிள் காயிலின் மினுமினுப்பில் கொஞ்சம் குறையும். ஸ்டுடியோவில் மட்டும் வாசிப்பவர் அசலையே போடட்டும். மேடைக்காரருக்கு அடுக்குக் காயில்தான் என் சிபாரிசு. பாட்டுக்கு நடுவில் வருகிற அமைதி அமைதியாகவே இருக்கும்.

பழைய கிட்டாரில் நிறையப் பேர் தடுக்கி விழுவது அளவில்தான். காசு கொடுக்கும் முன் பிக்கார்டை (கிட்டாரின் முன்பக்கத் தகடு) கழற்றி வெர்னியரால் அளங்கள். குழியின் நீளம், அகலம், ஆழம், திருகுகளுக்கு இடையே உள்ள தூரம். அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்களில் சிங்கிள் காயில் மூடி இன்றைய அளவோடு பொருந்தாமல் போகலாம். ஹம்பக்கரின் கால்கள் குழியின் அடியில் இடிக்கலாம். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்றும் பாருங்கள். கிப்சன் வழியில் 49, 50 இருக்கும். டிரெமலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) வைத்த ஃபெண்டர் வழியில் 52, 53 வரும், அதற்கென்று அகலமான ஹம்பக்கரைத் தனியாக விற்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் பழைய மரத்தில் உளி வைக்காதீர்கள். குழிக்குத் தகுந்த பிக்கப்பைத் தேடுங்கள்.

கன்ட்ரோலும் சத்தத்தின் பாதி. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். என்னைப் போல இரண்டும் கலந்திருந்தால் 500 போட்டுவிட்டு, ஸ்விட்சில் ஒவ்வொரு சிங்கிள் காயில் ஒயரிலிருந்தும் எர்த்துக்கு ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் பற்றவையுங்கள். அந்த பிக்கப்பைப் பொறுத்தவரை கன்ட்ரோல் 242 ஆகிவிடும், ஊசிக் குத்தல் அடங்கும். சில ரூபாய் வேலை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது ஒரு கைப்பிடி வாங்கி வைத்துக்கொள்வேன். கன்ட்ரோல் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பான் கிட்டாரில் தண்டும் துளையும் சிறிதாக இருக்கும், அமெரிக்க அளவு நுழையாது.

நாலு ஒயர் உள்ள ஹம்பக்கராகப் பார்த்து வாங்குங்கள், பின்னால் எந்த இணைப்பும் செய்யலாம். ஆனால் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சை எர்த்து, சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முடிய வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த்து, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முடிய வேண்டும். கூடவே வரும் தாளைப் பார்த்தே பற்றவையுங்கள்.

பழைய பிக்கப்போடு புதியதைச் சேர்க்கும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முள் ஓடுகிற பழைய மீட்டர் இருந்தால் மிகக் குறைந்த டிசி அளவில் வைத்து, பிக்கப்பின் இரண்டு ஒயரில் மாட்டுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரை காந்தத்தின் மேல் டக்கென்று வையுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும், எடுத்தால் மறுபக்கம் துள்ளும். ஹம்பக்கரில் எந்தக் காயிலின் மேல் வைத்தாலும் ஒரே பக்கம்தான் துள்ள வேண்டும். எல்லா பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ளும்படி ஒயரைப் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள். தவறினால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது கீழ்சத்தம் போய், மூக்கடைத்தவர் பாடுவது போலக் கேட்கும். மூடியோ தகடோ எர்த்து ஒயரோடு சேர்ந்திருக்கும் பிக்கப்பில் ஒயரைத் திருப்பிப் போடக் கூடாது, அங்கே மற்றதைத் திருப்புங்கள்.

மாட்டியதும் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடியிலிருந்து பிக்கப் வரை பிரிட்ஜ் பக்கம் 2 மில்லிமீட்டர், கழுத்துப் பக்கம் இரண்டரையிலிருந்து 3. சிங்கிள் காயிலைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, மேலே வாசிக்கும்போது சுருதி அலையும். ஒரு நாள் வீட்டில், ஒரு நாள் ஒத்திகையில் குழுவோடு கேட்டு, கால் திருகு கால் திருகாக நகர்த்துங்கள். குழுவோடு கேட்டதைத்தான் கடைசியாக நம்பினேன். அடுத்த ரிசப்ஷனில் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

கழற்றின பிக்கப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் வேண்டாம். ஒயரை ஒட்ட வெட்டாமல், ஈயத்தைச் சூடாக்கி எடுத்து, எது எந்த இடத்திலிருந்து வந்தது, எத்தனை ஓம், முள் எந்தப் பக்கம் துள்ளியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். என்னுடையவை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அண்ணன் ஊருக்கு வரும்போது ஒரு நாள் அவற்றையே திரும்ப மாட்டி, அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதாக இருக்கிறேன்.