பேச்சு வராத குழந்தைக்குத் தொடர்புப் பலகை அமைப்பது எப்படி?

மூளை முடக்குவாதத்தால் வாய்ப்பேச்சு வராத குழந்தைக்கு டேப்லெட் கணினி வாங்கும் முன், அது இப்போதே எதை எப்படித் தெரிவிக்கிறது என்பதைச் சில நாள் கவனித்து எழுதுங்கள். மேலே பார்த்தால் ‘ஆம்’, முகத்தைத் திருப்பினால் ‘இல்லை’ என்பதுபோல் அம்மாவுக்கு மட்டும் விளங்கும் குறிப்புகள் பல இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிச் சக்கர நாற்காலியின் பின்புறம் ஒட்டிவிட்டால், பாட்டிக்கும் பள்ளி ஆயாவுக்கும் உதவும். உட்காரும் முறையையும் முதலிலேயே சரிசெய்ய வேண்டும். பாதம் ஊன்றாமல் முதுகு சாய்ந்து சரியும் குழந்தையால் விரலை நீட்டிக் காட்ட முடியாது.

தொடர்புப் பலகை என்பது, குழந்தை தொட்டோ பார்த்தோ தன் எண்ணத்தைத் தெரிவிக்க உதவும் படங்களும் சொற்களும் கொண்ட பலகை. முதல் பலகைக்கு ஓர் அட்டை போதும். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் இணையதளத்தில் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளலாம். பலரும் தண்ணீர், சோறு, கழிவறை ஆகிய படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பலகையை வைத்துக்கொண்டு குழந்தை கேட்க மட்டுமே முடியும். மறுக்கவோ குறை சொல்லவோ வழியில்லை. ஆகவே ‘வேணாம்’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘பிடிக்கலை’, ‘எங்கே’, ‘நீ’, ‘நான்’ ஆகிய சொற்களை வீட்டில் பேசும் வடிவிலேயே சேருங்கள். ‘வேற ஏதோ சொல்லணும்’ என்ற கட்டம் கட்டாயம் இருக்கட்டும். பலகையில் இல்லாததைக் குழந்தை நினைக்கும்போது அந்தக் கட்டம்தான் கைகொடுக்கும்.

கை ஒத்துழைக்காத குழந்தைக்கு நீங்களே ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்து, “இந்த வரிசையா?” என்று கேட்டு நிறுத்துங்கள். ‘ஆம்’ என்ற குறிப்பு வந்த வரிசைக்குள் ஒவ்வொரு சொல்லாக அதேபோல் கேட்டுச் செல்லுங்கள். கண்ணசைவு சீராக இருந்தால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் மூலைகளில் படங்களை ஒட்டி, எதிரே அமர்ந்து அதன் வழியே குழந்தையின் பார்வை எந்த மூலைக்குப் போகிறது என்று பார்க்கலாம்.

பலகை பழகியபின் குரல் தரும் செயலிக்கு மாறலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் அச்சொல் ஒலிக்கும். எந்தச் செயலியானாலும் படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். அடுக்களையில் உப்பு டப்பாவுக்குக் கை தானே போவதுபோல் குழந்தையின் விரலும் இடத்தை நினைவில் வைத்தே போகிறது. சார்ஜ் தீரும் நேரத்துக்காக அட்டைப் பலகையையும் பையில் வைத்திருங்கள். பலகையோ செயலியோ பழகினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று தாத்தா பாட்டிகள் அஞ்சுவது இயல்பு. அப்படித் தடைபடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடவே செய்கிறது.

கருவியைவிடக் கடினமானது சுற்றியுள்ளவர்களைப் பழக்குவதுதான். “இன்னும் ஒரு தோசை வேணுமா?” என்று கேட்கும்போது ‘இன்னும்’ என்ற படத்தை நீங்களும் தொட வேண்டும்; பிறர் பலகையில் பேசுவதைப் பார்க்காத குழந்தை அதை எங்கிருந்து கற்கும்? கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள், வாக்கியத்தை நீங்களே முடித்துவிடாதீர்கள். விருந்தினர் முன்னால் “யானை எங்கே, காட்டு” என்று தேர்வு வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

பள்ளியில் பலகையைப் பைக்குள் வைக்கச் சொன்னால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு என்பதற்குத் தரும் வரையறையில் இத்தகைய மாற்று முறைகளும் அடங்கும் என்பதை எழுத்திலேயே தெரிவியுங்கள்.

இறுதியாக, உடலுறுப்புகள் அனைத்தின் பெயர்களும், ‘வலிக்குது’, ‘அடிச்சாங்க’, ‘தொட்டாங்க’ ஆகிய சொற்களும், குழந்தையோடு பழகும் ஒவ்வொருவரின் புகைப்படமும் பலகையில் இடம்பெறட்டும். நீங்கள் அருகில் இல்லாதபோது நடந்ததைக் குழந்தை பின்னர் உங்களிடம் சொல்ல வேண்டுமானால், அதற்குரிய சொற்கள் முன்கூட்டியே அங்கே இருந்தாக வேண்டும்.