மாலை போடுவதற்கு முன் குடியை நிறுத்துவது எப்படி

கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்து, 41 நாள் விரதத்தோடு குடியையும் விட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்து வந்த ஒருவர், முந்தின இரவு கடைசிக் குவார்ட்டரை முடித்துவிட்டு, மறுநாள் விடியலில் தலைக்குக் குளித்து மாலை போட்டுக்கொள்ளும்போது, அவருடைய உடல் மிக ஆபத்தான சில நாட்களுக்குள் நுழைகிறது என்பது அவருக்கும் தெரிவதில்லை, வீட்டாருக்கும் தெரிவதில்லை. ஆகவே மாலைக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்து, அவருடைய கண்காணிப்பில் குடியை நிறுத்தி, அதன் பிறகு மாலை போடுங்கள்.

180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில், 42.8 விழுக்காடு என்ற கணக்கில், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. இதை நாள்தோறும் ஏற்றுப் பழகிய மூளை, ஆல்கஹால் தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன் நரம்புகளை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே வைத்துக்கொள்கிறது. குடி திடீரென்று நின்றதும் அந்த முடுக்கத்தைத் தடுக்க எதுவும் இல்லாமல் போவதால்தான் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, படபடக்கிறது. இதை மன உறுதிக் குறைவு என்று வீட்டில் யாரும் ஏசக் கூடாது.

நடுக்கத்தை அடக்கக் காலையிலேயே ஒரு கட்டிங் தேவைப்படுபவர், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், மஞ்சள் காமாலையோ இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர், தூக்க மாத்திரை பழகியவர் ஆகியோர் வீட்டில் இருந்தபடி நிறுத்த முயலாமல் மருத்துவமனையில் சேர்வதே சரி. பல முறை நிறுத்தித் திரும்பத் தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் உபாதை கூடலாம் என்பதால், போன முறை ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பி இருந்துவிட முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு, சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1980 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை, நாள்தோறும் அதிகம் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.

மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், ஏனெனில் நரம்பு முடுக்கத்தை அடக்கும் டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மாத்திரைகளின் அளவை நீங்கள் சொல்லும் கணக்கை வைத்தும் முடிவு செய்கிறார்கள். அவற்றை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம் பத்து நாட்களில் நிறுத்திவிடுவார்கள். பக்கத்துக் கடையில் நீங்களே வாங்கி விழுங்குவதும், அவற்றோடு சேர்த்துக் குடிப்பதும் மூச்சையே நிறுத்திவிடக் கூடும். இன்னொன்று வைட்டமின் பி1 ஆகிய தயமின். நீண்ட நாள் குடித்தவர் உடலில் இது வற்றிப்போயிருக்கும். சோர்வாக இருக்கிறது என்று தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதால், இவர் குடியை நிறுத்தியவர் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், குமட்டல், தலைவலி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

அதைவிட அஞ்ச வேண்டியது இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடைப்பட்ட இரவுகள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், மனைவியையே அடையாளம் தெரியாமல் விழிப்பார், உடல் கொதிக்கும். விரதத்தில் ஏதோ குறை, சாமி குற்றம், காற்றுக் கருப்பு என்று பூசாரியைத் தேடி ஓடுவதில் அந்த இரவு கழிந்துவிடுவதை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். இது உயிரைப் பறிக்கக் கூடிய மருத்துவ அவசரம். விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் இருக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தவருக்கும், முதல் ஐந்து நாட்கள் இரவிலும் பகலிலும் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம் என்று வயிறு ஏற்பதைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். காபியைக் குறையுங்கள். வண்டி ஓட்டுவதும் சாரத்தில் ஏறுவதும் அந்த நாட்களில் வேண்டாம். ஒருவேளை உணவு மட்டும் உண்ணும் கடும் விரதத்தையும் குளிர்ந்த நீர்க் குளியலையும் உடல் தேறும் வரை தள்ளிவைக்கும்படி குருசாமியிடம் கேளுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்துவதற்கான மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். டைசல்பிராம் என்ற அந்த மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி மட்டுமே அதைத் தர வேண்டும். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கினாலும், தூக்கம் சரியாகச் சில வாரங்கள் ஆகும். வேலை முடியும் மாலை நேரத்தில் எழும் ஏக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்நேரத்தில் வெறும் வயிற்றோடு இருக்காமல் சாப்பிட்டுவிட்டு, கடை இல்லாத வழியாக வீடு திரும்புங்கள். கட்டட வேலை செய்பவருக்குச் சனிக்கிழமைக் கூலிதான் பெரும் சோதனை. அதை மனைவியின் வங்கிக் கணக்கில் போட்டுவிடும்படி மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றும் நாளுக்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். 41 நாட்கள் தொடாமல் இருந்த உடலுக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. பழைய அளவை ஒரே இரவில் குடித்தால் மூச்சுத் திணறி இறக்கவும் நேரலாம். எனவே இருமுடி கட்டுவதற்கு முன்பே, திரும்பி வரும் வாரத்தில் மருத்துவரைப் பார்க்கும் தேதியை வாங்கி வையுங்கள். ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகள் தனக்குப் பொருந்துமா என்பதை அன்று அவரிடம் கேட்கலாம். மாலையைக் கழற்றும் அன்று மாலை, குடிக்காத ஒரு நண்பரோ மைத்துனரோ உடன் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.